பழைய காருக்கு மாற்று இன்ஜின்

காரின் இன்ஜின் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வந்து திரும்பும் இடத்தில், முதல் ரிங் நிற்கும் மட்டத்தில்தான் தேய்மானம் அதிகம். வெப்பமும் அழுத்தமும் அங்கேதான் உச்சத்தில் இருக்கும். பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்புவதால் அங்கிருக்கும் மெல்லிய ஆயில் படலமும் அறுந்துபோகும். கீழே போகப் போகத் தேய்வு குறையும். இதனால் நேர் உருளையாக இருந்த துளை நாளடைவில் மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் போகிறது. ரிங் எட்டாத மேல்விளிம்பு மட்டும் பழைய அளவிலேயே நின்று, சிறு வரப்பாகத் துருத்திக்கொண்டிருக்கும். ஹெட்டைக் கழற்றியதும் மெக்கானிக் முதலில் விரல் நகத்தால் தடவிப் பார்ப்பது இந்த வரப்பைத்தான். நகம் தட்டி நின்றால், அளவுக் கருவி வருவதற்கு முன்பே பாதி தீர்ப்பு சொல்லியாகிவிட்டது.

கீழே கிராங்க் ஷாஃப்டின் கதை வேறு. வெடிப்பின் விசை எப்போதும் ஒரே பக்கமிருந்து வருவதால் அதன் கழுத்துகள் வட்டம் மாறி நீள்வட்டமாகின்றன. பேரிங்குக்கும் கழுத்துக்கும் நடுவில் இடைவெளி கூடக் கூட ஆயில் தங்காமல் வழிந்தோடும். ஆயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்ததால் தேய்வு இன்னும் வேகமாகும். மேலே வால்வுகளும் அவற்றின் கைடுகளும் தனியாகத் தேய்கின்றன. மூன்றும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை என்பது முக்கியம். ‘இன்ஜின் போச்சு’ என்று பட்டறையில் சொல்லப்படும் பல இன்ஜின்களில் கெட்டிருப்பது இந்த மூன்றில் ஒன்றுதான்.

ஓடிய கிலோமீட்டரை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஆயில் மேலே ஏறி எல்லா இடத்துக்கும் பரவும் வரையிலான நேரத்தில்தான் தேய்மானம் மிகுதி. நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் ஓடும் டாக்சி, தினமும் இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பி நிற்கும் வீட்டுக் காரை விடக் கூடுதல் தூரம் தாங்குவது இதனால்தான். ஆயில் மாற்றாமல் விட்டதும், ஏர் ஃபில்டர் வழியாகப் புழுதி உள்ளே போனதும், ஒருமுறை ரேடியேட்டர் வற்றிக் கொதித்ததும் மீட்டரில் பதிவாவதில்லை.

அறிகுறிகளைப் படித்தல்

புகையின் நிறம் முதல் தடயம். வண்டி இழுக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் ரிங் தாண்டி ஆயில் எரிகிறது என்று பொருள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு மூட்டம் நீலமாக வந்து பிறகு நின்றுவிட்டாலோ, இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும் வந்தாலோ, குற்றவாளி பெரும்பாலும் வால்வு சீல். அதற்கு இன்ஜினை இறக்கவே வேண்டாம். கறுப்புப் புகை பெட்ரோல் காரில் எரிபொருள் மிகுதியைக் காட்டும். டீசல் காரில் இன்ஜெக்டரையோ பம்பையோ பார்க்கச் சொல்லும். சூடேறிய பிறகும் விடாமல் வரும் வெள்ளைப் புகையில் இனிப்பு வாடை இருந்தால் கூலன்ட் எரிகிறது. ஹெட் கேஸ்கெட்டோ, ஹெட்டில் விரிசலோ காரணம்.

புகையை விட நம்பகமானது கம்ப்ரஷன் சோதனை. இன்ஜினைச் சூடாக்கி, எல்லா பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். மிதிக்காமல் அளந்தால் காற்று போதாமல் எல்லாமே குறைவாகக் காட்டும். நல்ல இன்ஜினுக்குத் தவறான தீர்ப்பு கிடைப்பது பெரும்பாலும் இப்படித்தான். எண்ணை விட, சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடு முக்கியம். பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் விலகல் இருந்தால் கவனிக்க வேண்டும். நான்கு சிலிண்டரில் முதல் இரண்டு 140, 138 என்றும், அடுத்தடுத்த இரண்டு 90, 88 என்றும் வந்தால், அந்த இரண்டுக்கும் நடுவே ஹெட் கேஸ்கெட் எரிந்திருக்கும் வாய்ப்பே அதிகம். கேஸ்கெட் ஒன்றின் விலையில் தீரக்கூடிய வேலைக்கு இன்ஜினை மாற்றியவர்கள் உண்டு.

பெட்ரோல் இன்ஜினில் அளவு குறைந்த சிலிண்டருக்குள் பிளக் துளை வழியாக ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி அளப்பது அடுத்த படி. எண் சட்டென்று ஏறினால் ஆயில் ரிங்கின் இடைவெளியை அடைத்துக்கொண்டது, அதாவது ரிங் அல்லது போர் (சிலிண்டர் துளை) தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. இன்னும் துல்லியம் வேண்டுமானால் சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி அது எங்கே கசிகிறது என்று காது கொடுக்கலாம். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல். ஒலிகளும் பேசும். குளிரில் தட்டி, சூடேறியதும் அடங்கும் சத்தம் பிஸ்டன் தளர்ச்சி. அதோடு வண்டி பல மாதம் ஓடும். சூடேறிய பிறகு, இழுக்கும்போது அடியிலிருந்து வரும் கனத்த ‘டக் டக்’ பெரிய முனை பேரிங். அதோடு ஊர் திரும்ப முயல்வதுகூடத் தவறு. கனெக்டிங் ராட் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்தால், சரிசெய்ய எதுவும் மிஞ்சாது.

போர் போடுவதா, வேறு இன்ஜின் ஏற்றுவதா

தேய்வு உறுதியான பிறகுதான் உண்மையான கேள்வி வருகிறது. வழிகள் பல: சொந்த இன்ஜினையே பிரித்துப் புதுப்பிப்பது, அதே ரக இன்ஜினைப் பழையதாகவோ புதுப்பித்ததாகவோ வாங்கி ஏற்றுவது, வேறு ரக இன்ஜினைப் பொருத்துவது. இந்தியச் சூழலில், பாகங்கள் கிடைக்கும் வரை, முதல் வழியே பெரும்பாலும் சிறந்தது. காரணம் தொழில்நுட்பம் மட்டுமல்ல. இன்ஜின் எண் மாறுவதில்லை.

சிலிண்டர் தேய்ந்தால் லேத் பட்டறையில் துளையைச் சற்றுப் பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதே ரீபோர். மெட்ரிக் இன்ஜின்களில் இது 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்ற படிகளில் போகும். பிரிட்டிஷ் வழி வந்த அம்பாசடர் போன்றவற்றில் ஆயிரத்தில் ஓர் அங்குலக் கணக்கு; ‘இருபது சைஸ்’, ‘நாற்பது சைஸ்’ என்று பட்டறைகளில் சொல்வது இதைத்தான். நாற்பதைத் தாண்டினால் சுவர் மெலிந்துவிடும் என்பதால் துளைக்குள் ஸ்லீவ் இறக்கி மறுபடி ஸ்டாண்டர்டு அளவுக்குக் கொண்டுவருவார்கள். கிராங்கும் அப்படியே: கழுத்தைக் கடைந்து வட்டமாக்கி, அந்த அளவுக்குக் குறைந்த பேரிங் போட வேண்டும். ஆக, ஒரு வார்ப்பிரும்பு பிளாக்குக்கு ஒரே ஆயுள் இல்லை. முறையாகச் செய்தால் நான்கைந்து ஆயுள். உள்சுவரில் நிக்கல்–சிலிக்கன் கார்பைடு பூச்சு கொண்ட சில அலுமினிய பிளாக்குகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. சாதாரணமாகப் போர் போட்டால் பூச்சு போய்விடும்.

இந்த வழிக்கு அம்பாசடர் நல்ல எடுத்துக்காட்டு. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றி மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதியில் தொடங்கிய இதன் உற்பத்தி, 2014 மே மாதத்தில் நின்றது. அதன் 1489 சிசி பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பெட்ரோல் இன்ஜினின் துளை 73.025 மி.மீ., வீச்சு 88.9 மி.மீ.; கிராங்கைத் தாங்குவது மூன்று மெயின் பேரிங்குகள் மட்டுமே. அதிவேகத்துக்கு இந்த அமைப்பு ஆகாது. ஆனால் பிரித்து மாட்ட இதைவிட எளிய இன்ஜின் அரிது. பல பத்தாண்டுகள் மாறாமல் வந்ததால் பாகமும் பழக்கமும் ஊர் ஊராகப் பரவின. பிஸ்டன், ரிங் தொழிலில் நாட்டின் முன்னோடிகளில் ஒன்றான இந்தியா பிஸ்டன்ஸ் 1949 முதல் சென்னையிலேயே இருக்கிறது என்பதும், கோயம்புத்தூரின் கடைசல் பட்டறைகளும் தமிழ்நாட்டில் இந்த வேலையை மலிவாக வைத்திருக்கின்றன.

பி.எம்.சி. இன்ஜினைப் புதுப்பிக்கும்போது ஒன்றைக் கூடுதலாகச் செய்ய வேண்டும். அது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து வடிவமைப்பு. எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தில் ஈயம் ஒரு காப்புப் படலமாக இருந்தது. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியா முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோலுக்கு மாறிய பிறகு, வார்ப்பிரும்பு ஹெட்டில் நேரடியாகக் கடைந்த இருக்கைகள் உள்வாங்கத் தொடங்கின. வால்வு இடைவெளி அடிக்கடி இறுகியது. ஹெட் லேத்துக்குப் போகும்போதே கடினப்படுத்திய வால்வு சீட்டுகளைப் பதித்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் பரவியிருக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் பதம்பார்க்கும். அவற்றை மாற்றவும் இதுவே தருணம்.

புதுப்பித்தலின் பலவீனம், அது முழுக்க முழுக்க ஆட்களின் கையை நம்பியது. துளை நேராக வந்ததா, ஹோனிங் கோடுகள் சரியான சாய்வில் விழுந்தனவா, ரிங்கின் வாய் இடைவெளி அளக்கப்பட்டதா, கடைசல் துகள் போகப் பிளாக் கழுவப்பட்டதா என்பதை வண்டிக்காரர் பார்ப்பதில்லை. ஆயில் வழித்தடங்களில் தங்கிவிட்ட இரும்புத் தூள் புது பேரிங்கைச் சில நாளிலேயே தின்றுவிடும். ‘கிட் போட்டுத் தருகிறேன்’ என்று போர் அளக்காமலே புது ரிங்கை மட்டும் மாட்டுவது மலிவாகத் தெரியும். கூம்பாகிவிட்ட துளையில் புது ரிங் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் விரிந்து சுருங்கிச் சீக்கிரமே சோர்ந்துபோகும். வரப்பை வழிக்காமல் விட்டால் முதல் ரிங் அதில் மோதி உடையவும் கூடும்.

பிளாக்கில் விரிசல், ராட் வெளியே வந்தது, பாகங்களே கிடைக்காதது ஆகிய நிலைகளில்தான் முழு இன்ஜின் தேடுவது தவிர்க்க முடியாதது. சென்னைக்குப் புதுப்பேட்டை, தில்லிக்கு மாயாபுரி என்று ஒவ்வொரு பெருநகரத்துக்கும் இதற்கான சந்தை இருக்கிறது. விபத்தில் நொறுங்கிய, வயதாகிக் கழிக்கப்பட்ட வண்டிகளிலிருந்து இன்ஜின்கள் வருகின்றன. விபத்து வண்டியின் இன்ஜின் பெரும்பாலும் மேல்; அது ஓடிக்கொண்டிருந்தபோதே நின்றது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் இன்ஜின் வெளியே பளபளத்தாலும் உள்ளே துருப்பிடித்திருக்கலாம். ஆயில் மூடியைத் திறந்து அடியில் பார்ப்பதும், கிராங்கைக் கையால் முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பதும், முடிந்தால் தரையிலேயே கம்ப்ரஷன் அளப்பதும் வாங்குபவரின் உரிமை. அளக்க விடாத கடையை விட்டு நகர்வது நல்லது.

இலங்கையிலும் மலேசியாவிலும் இதே தேவைக்கு வழி வேறாக இருக்கிறது. அங்கே ஜப்பானிலிருந்து வரும் பழைய இன்ஜின்களே சந்தையை ஆள்கின்றன. மலேசியாவில் முன்பாதியோடு அறுத்து வரும் ‘ஹாஃப் கட்’ வண்டிகளும் உண்டு. ஜப்பானில் புதுக் காருக்கு முதலில் மூன்று ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கொரு முறையும் கட்டாயச் சோதனை வருகிறது. அந்தச் செலவுக்கு அஞ்சி நல்ல நிலையில் உள்ள கார்களையே கைகழுவுகிறார்கள். அறுத்து வாங்குவதில் ஒரு சாதகம், இன்ஜினோடு ஒயரிங், கணினி, சென்சார், கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே குடும்பமாக வருகின்றன.

அந்தக் குடும்பப் பொருத்தம் அற்ப விஷயமல்ல. மாருதி 800இல் கார்புரேட்டர் வைத்த 6 வால்வு இன்ஜினும் 796 சிசிதான், பின்னாளில் வந்த 12 வால்வு இன்ஜினும் 796 சிசிதான். மூன்று சிலிண்டர், 68.5 மி.மீ. துளை, 72 மி.மீ. வீச்சு என்ற அளவுகளும் ஒன்றே. ஆனால் ஹெட் வேறு, எரிபொருள் அமைப்பு வேறு, மின்சுற்று வேறு. சிசி ஒன்றுதானே என்று ஏற்றிய பிறகு, மாட்ட இடமில்லாத சென்சார்களோடு ஷெட்டில் நாள்கணக்கில் நிற்கும் வண்டிகள் இந்தக் கணக்கில்தான் சிக்குகின்றன. இம்மொபிலைசர் உள்ள கார்களில் கணினியும் சாவியும் ஒன்றையொன்று அடையாளம் காண வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் அசலாக இருந்தும் ஸ்டார்ட் ஆகாது.

வேறு ரக இன்ஜினைப் பொருத்துவது இந்தியாவில் ஒரு காலத்தில் பெரும் பழக்கமாக இருந்தது. பெட்ரோலை விட டீசல் மிக மலிவாக விற்ற நாட்களில் பெட்ரோல் அம்பாசடர்களில் மேட்டடார் வேனின் டீசல் இன்ஜினை ஏற்றினார்கள். எரிபொருளில் மிச்சமான பணம் உண்மை. ஆனால் டீசல் இன்ஜின் கனமானது. முன் சஸ்பென்ஷன் தாழ்ந்தது, இன்ஜின் மவுண்டிங் கிழிந்தது, அதிர்வில் உடல் இணைப்புகள் தளர்ந்தன, பிரேக் பழைய அளவிலேயே இருந்தது. ஆலையே 1992இல் இசுசு 1817 சிசி பெட்ரோல் இன்ஜினைப் போட்டபோது ஐந்து கியர் பெட்டியையும் சேர்த்தே மாற்றியது. தனியாள் பட்டறையில் இன்ஜின் மட்டும் மாறியது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கி விலை வித்தியாசம் சுருங்கியதும் இந்த மாற்றத்துக்கு இருந்த ஒரே நியாயமும் போனது.

செலவைக் கணக்கிடும்போது வழக்கமாக ஒரு பிழை நேர்கிறது: இன்ஜின் வேலைக்கான தொகையைக் காரின் சந்தை விலையோடு ஒப்பிடுவது. அப்படிப் பார்த்தால் எந்தப் பழைய காருக்கும் இன்ஜின் வேலை நட்டமே. காரை இப்போதைய நிலையில் விற்றால் வருவதையும் வேலைக்கான தொகையையும் கூட்டி, அந்தப் பணத்துக்கு இதைவிட நல்ல கார் கிடைக்குமா என்று பார்ப்பதே சரி. கிடைக்கும் என்றால் வேலை வேண்டாம். கிடைப்பது இதே வயதுள்ள, வரலாறு தெரியாத இன்னொரு கார் என்றால், தெரிந்த வண்டியில் தெரிந்த இன்ஜினே மேல். எந்தக் கணக்குக்கும் முன்னால் அடித்தளம் துருப்பிடித்திருக்கிறதா என்று வண்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கதவுக்கு அடியிலுள்ள சட்டமும் தரைத்தகடும் அரித்துப்போன காரில் இன்ஜின் வேலை செய்வது வீண்.

இறக்குவதும் ஏற்றுவதும்

பேட்டரி இணைப்பைக் கழற்றி, கூலன்டையும் ஆயிலையும் வடித்து, ரேடியேட்டரை எடுத்து, ஒயர்களுக்கும் குழாய்களுக்கும் அடையாளம் ஒட்டி, மவுண்டிங் போல்ட்டுகளைக் கழற்றிய பிறகு செயின் பிளாக்கில் இன்ஜின் எழும்பும். அம்பாசடரில் அது மேல்வழியாக வரும்; மாருதி 800 போன்ற முன்சக்கர இழுவைக் கார்களில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே எடுப்பது வசதி. வடித்த ஆயிலைச் சாக்கடையில் விடாமல் சேர்த்துவைத்துக் கொடுப்பது நல்ல பட்டறையின் அடையாளம்.

பழைய இன்ஜின் ஏன் செத்தது என்ற விடை கிடைக்காமல் புதியதை ஏற்றக் கூடாது. அடைத்த ரேடியேட்டரும், திறக்காத தெர்மோஸ்டாட்டும், கிழிந்த ஏர் ஃபில்டர் குழாயும் அடுத்த இன்ஜினையும் அதே வழியில் அனுப்பும். கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பின்பக்க ஆயில் சீல், வாட்டர் பம்ப், மவுண்டிங் ரப்பர் ஆகியவற்றின் விலை சிறிது. அவற்றை எட்டுவதற்கான கூலிதான் பெரிது. இன்ஜின் வெளியே இருக்கும்போது அந்தக் கூலி ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினைப் பழையதாக வாங்கினால், பெல்ட் எவ்வளவு புதியதாகத் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

ஏற்றிய உடனே சாவியைத் திருப்புவது தவறு. பிளக்குகளைக் கழற்றி ஸ்டார்ட்டரால் சுற்றவிட்டு, ஆயில் அழுத்த விளக்கு அணைந்த பிறகே பற்றவைக்க வேண்டும். புது கேம் ஷாஃப்டும் டேப்பெட்டும் போட்ட பி.எம்.சி. போன்ற பழைய வகைகளில், முதல் இருபது நிமிடம் ஐடிலில் விடாமல் 2000 சுற்றை ஒட்டி ஓட்டினால்தான் அவை ஒன்றோடொன்று பதியும். அதன் பிறகு ஆயிரம் கிலோமீட்டர் வரை ரன்னிங் இன். மெல்ல உருட்டுவதுதான் ரன்னிங் இன் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் ரிங் சுவரில் பதிய மிதமான பளு வேண்டும். வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். நீண்ட நேரம் ஐடிலில் விட்டால் சுவர் வழவழப்பாகி ரிங் பதியாமலே போகும். முதல் ஆயில் மாற்றம் வழக்கமான கெடுவுக்கு முன்பே, சில நூறு கிலோமீட்டரிலேயே நடக்க வேண்டும்.

காகித வேலை

ஆர்.சி. புத்தகத்தில் சேஸி எண்ணும் இன்ஜின் எண்ணும் இருக்கின்றன. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு முரணாகும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. செய்த மாற்றத்தைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க 14 நாள் கெடு தருகிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இந்தத் தடையை உறுதிசெய்தது. அதே ரக இன்ஜினை வாங்கிய ரசீதோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தை அணுகிப் புது எண்ணைப் பதிவது ஒரு வேலை. பெட்ரோல் காரை டீசல் காராக மாற்றிவிட்டு அங்கே போய் நிற்பது முற்றிலும் வேறு வேலை. எரிவாயுவுக்கோ மின்சாரத்துக்கோ மாறுவதற்கு அங்கீகாரம் பெற்ற கிட் வழியாக மட்டும் சட்டம் இடம் தருகிறது.

எண்ணைப் பதியாமல் ஓட்டினால், இன்ஷூரன்ஸ் கோரும்போதும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்கு நிற்கும்போதும் விற்கும்போதும் தொல்லை கிளம்பும். ரசீதில்லாத இன்ஜின் திருட்டு வண்டியினுடையதாக இருந்தால் வாங்கியவரே காவல் நிலையத்தில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். எண் பொறித்த இடம் அரைக்கப்பட்டோ மறுபடி குத்தப்பட்டோ தெரிந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் தொடக் கூடாது.

தனியார் கார்களுக்குப் பதிவு 15 ஆண்டு. அதன் பின் தகுதிச் சோதனையோடு புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அதற்கான கட்டணமும் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்ந்தது. தில்லித் தலைநகர வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் கார்களுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்கும் விதித்த தடை, வண்டியின் வயதைப் பார்த்தது. இன்ஜினின் வயதைப் பார்க்கவில்லை. புது இன்ஜின் ஏற்றினாலும் கார் இளமையாவதில்லை.

ஐம்பது ஆண்டு கடந்த கார்களுக்கு இன்னொரு கவனம் தேவை. 2021இல் வந்த விண்டேஜ் வாகன விதிகளின்படி, ‘விஏ’ எழுத்துடன் தனிப் பதிவு பெற வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். சேஸியிலோ உடலிலோ இன்ஜினிலோ பெருமாற்றம் செய்திருக்கக் கூடாது. 1960களின் அம்பாசடரையோ ஃபியட் 1100ஐயோ வைத்திருப்பவர் வசதிக்காக வேறு இன்ஜின் ஏற்றினால் அந்தப் பதிவுக்கான தகுதியை இழக்க நேரிடும். அத்தகைய காரில் விரிசல் விட்ட பிளாக்கைக்கூடத் தைத்தோ ஸ்லீவ் இறக்கியோ காப்பாற்றப் பார்ப்பதே முறை. வேறு இன்ஜினோடு ஓட்டியே ஆக வேண்டுமென்றால், எண் பொறித்த மூல பிளாக்கை எடைக்குப் போட்டுவிடாமல் ஆயில் தடவி, துளைகளை அடைத்து, ரசீதுகளோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.